கலங்கரை விளக்கத்துக்குப் படகு வரும்

இன்று காலை கடையைத் திறந்த கையோடு ஒரு பெண் திரைச்சீலை தைக்கத் துணி கொண்டு வந்தாள். வெள்ளைப் பருத்தித் துணி. அதில் விரல் நீளத்துக்கு நீலக் கலங்கரை விளக்கங்கள், வரிசை வரிசையாக. மேசையில் விரித்துப் போட்டதும் என் கை நின்றுவிட்டது. "துணி பத்தாதா ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் கேட்டாள். பத்தும், அச்சு நேராக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் இந்தத் துணியை எந்தக் கடையில் வாங்கினாய், இன்னும் இருக்கிறதா என்று அவளைத் துளைத்தெடுத்திருப்பாய்.

அளவு எடுத்து முடிப்பதற்குள் அவள் ஒரு விஷயம் சொன்னாள். அது இன்னும் எனக்குள் அடங்கவில்லை. மத்தியானம் கீழே போய் டீ குடித்தேன். இரண்டு ரவிக்கைக்குக் கொக்கி வைத்தேன். ஒன்றும் உதவவில்லை. உன்னிடம் கேட்டால்தான் தீரும் போலிருக்கிறது. அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ எத்தனை கதை சொல்லியிருக்கிறாய், ஒரு தடவை நான் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். எடுத்த எடுப்பில் அவள் சொன்னதைச் சொல்லாமல் முதலிலிருந்து வருகிறேன். அப்போதுதான் எனக்கே புரிபடும்.

நீ முதன்முதலில் தேக்கா சந்தை மாடியில் இருக்கும் என் கடைக்கு ஏறி வந்தது சென்னையில் தைத்த ஒரு ரவிக்கையோடு. கை நுழையவில்லை. அதைப் பார்த்துவிட்டு, தைத்தவனுக்கு உன் மேல் என்ன கோபம் என்று கேட்டேன். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாய். அது என் வீட்டுக்காரருடையது. அவர் போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அவருடைய தையல் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். முக்காலியில் யாரையும் உட்காரச் சொன்னதில்லை. எங்களுக்குப் பிள்ளையில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களும் அதற்குள் ஓய்ந்துபோயிருந்தார்கள். எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தேன். நீ அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாய். பிரித்துத் தைத்து முடிக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தாய். போகும்போது என் வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உன்னைவிட இரண்டு வயது பெரியவள் என்பதால் அன்றைக்கே அக்கா ஆக்கிவிட்டாய்.

துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் உனக்கு வேலை. தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. "நாள் முழுக்கப் பேசுறேன் அக்கா. ஆனா எல்லாம் ஹோல்ட் பண்ணுங்க, ஹோல்ட் பண்ணுங்க, அவ்வளவுதான்" என்றாய். அதனால்தானோ என்னவோ, மிச்சப் பேச்சையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு சனிக்கிழமை என் கடைக்கு வருவாய். நூலகத்திலிருந்து தடித்தடியாக ஆங்கில நாவல்கள் எடுத்துப் படிப்பாய். நான் தமிழ்ப் பேப்பரைத் தாண்டிப் படிக்காதவள். நீ படித்ததை எனக்குத் தமிழில் சொல்வாய். நான் தைப்பேன், நீ சொல்வாய். வாடிக்கையாளர் வந்தால் நிறுத்திவிட்டு, அவர் முதுகு திரும்பியதும் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வாய்.

உனக்கு எல்லாக் கதையும் பிடிக்கும். ஆனால் கலங்கரை விளக்கம் வரும் கதை என்றால் உன் குரலே வேறு. கடலுக்கு நடுவில் ஒரு பாறை. பாறை மேல் கோபுரம். உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் படிகள். உச்சியில் ஒரு விளக்கு, அதற்குக் காவலாக ஒரே ஒரு ஆள். வெளியே புயல். இதைச் சொல்லும்போது தேக்காவின் மின்விசிறிச் சத்தமும் கீழே மீன் வெட்டும் சத்தமும் உன் காதில் விழாது. என் காதில் விழும். நான் குறுக்கே கேள்வி கேட்டு உன் பிராணனை வாங்குவேன். அவனுக்குச் சோறு யார் பொங்குவது, குடிக்கத் தண்ணீர் ஏது, பல்வலி வந்தால் என்ன செய்வான். நீ ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருப்பாய். சட்டை கிழிந்தால் என்று கேட்டதற்கு அவனே தைத்துக்கொள்வான் என்றாய். அப்படியானால் எனக்குப் பிழைப்பில்லாத இடம், அதில் என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது என்றேன்.

எந்தக் கதையானாலும் கடைசியில் ஒரு படகு வரும். ஆடு வளர்க்கும் காவலாளி ஒருவன் கதை சொன்னாயே, அதில் சண்டை போட்டுவிட்டுப் போன மனைவி புயல் ஓய்ந்த காலையில் படகில் வந்து இறங்குவாள். ஆடு ஓடிப்போய் அவள் முந்தானையை மெல்லும். வெள்ளைக்காரிக்கு ஏது முந்தானை என்று நான் கேட்டேன், ஏதோ ஒரு துணி என்றாய். இன்னொன்றில் அண்ணனும் தம்பியும். இன்னொன்றில் கப்பல் உடைந்து பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்த பெண். யாராவது ஒருவர் வந்தே தீருவார்கள். பாதிக் கதையிலேயே, படகு எப்போது வரும், சீக்கிரம் சொல், எனக்கு பட்டன் வைக்கிற வேலை இருக்கிறது என்று நான் அவசரப்படுத்துவேன்.

ஒருநாள் நேராகவே கேட்டேன், இந்தக் கோபுரத்தின் மேல் உனக்கு ஏன் இவ்வளவு பைத்தியம் என்று. நீ அப்போது உட்லண்ட்ஸில் யாரோ ஒருவர் வீட்டில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தாய். பதில் சொன்னாய்:

"கடலுக்கு நடுவுல ஒருத்தன் தனியா இருந்தான்னா, கதை முடியறதுக்குள்ள அவனைத் தேடி யாராச்சும் வந்தே ஆகணும் அக்கா. பத்தாவது மாடியில தனியா இருக்கறவளுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது லா."

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. மெஷினை ஓட்டிக்கொண்டு குனிந்தே இருந்தேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் எனக்கும் கதவைத் திறக்க ஆளில்லை என்பதை நீ எப்போது கண்டுபிடித்தாய் என்று அப்போது தோன்றியது. முதல் நாளே கண்டுபிடித்திருப்பாய்.

நாம் இருவரும் சேர்ந்து நிஜக் கலங்கரை விளக்கம் ஒன்றில் ஏறியது ஒரே ஒரு தடவைதான். என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சென்னை போனபோது நீயும் ஒட்டிக்கொண்டாய். கல்யாணத்துக்கா வந்தாய் நீ, மகாபலிபுரத்துக்கு வந்தாய். டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, வேர்த்து வழிந்து மேலே போனோம். மேலே கால் வைக்க இடமில்லை. ஒரு கல்லூரிப் பட்டாளமே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை பஞ்சுமிட்டாய்க் கையை உன் புடவையில் துடைத்தது. நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக் கண்ணை மூடினாய். உடனே கீழே இறங்குங்கள் என்று காவலாளி விசிலடித்தார். இறங்கி வந்து வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டே, "இவ்வளவு கூட்டம் இருந்தா அங்க ஒரு கதையும் நடக்காது அக்கா" என்றாய். உனக்கு அவ்வளவு ஏமாற்றம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது நினைத்தால் அந்தக் கூட்டத்தில் உன்னோடு இன்னும் ஒரு மணி நேரம் இடிபட்டிருக்கலாம் என்று இருக்கிறது.

அப்புறம் நீ செய்ததுதான் உன்னால் மட்டுமே செய்ய முடிந்த காரியம். மரின் பரேட்டில் வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் கலங்கரை விளக்கம் இருக்கிறது என்று அலுவலகத்தில் கப்பல்காரர் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டாய். அவ்வளவுதான். அடுத்த வாரமே முகவரைப் பிடித்து அந்தக் கட்டடத்தில் மறுவிற்பனை வீடு தேட ஆரம்பித்தாய். மற்றவர்கள் ரயில் நிலையம் பக்கமா, மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தை பக்கமா என்று பார்த்து வீடு வாங்குவார்கள். நீ தலைக்கு மேல் விளக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்கினாய். பழைய வீடு, விலையும் கொஞ்சம் கூட. என்ன சொல்லியும் கேட்கவில்லை. இனிமேல் நான் கலங்கரை விளக்கத்தில் குடியிருப்பவள், அந்தச் சட்டம் எனக்கும் செல்லும் என்றாய்.

பால் காய்ச்சிய அன்று சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் நீ ஒவ்வொரு ஜன்னலாக ஓடினாய். கடல் தெரிந்தது. நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் தெரிந்தன. உன் விளக்கு மட்டும் தெரியவில்லை. தெரியாதுதான், அது உன் கூரைக்கு மேல் அல்லவா இருக்கிறது. என்னை இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, சாலைக்கு அடியில் போகும் நடைபாதை வழியாகக் கடற்கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாய். அங்கிருந்து தெரிந்தது. கட்டடத்தின் உச்சியில் பளிச் பளிச்சென்று. முதலில் கை தட்டினாய். பிறகு உன் முகம் மாறியது.

"அப்ப வீட்டுக்குள்ள இருந்தா எனக்கு இது தெரியவே தெரியாதாக்கா?"

நான் மணலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ அழுதுவிடுவாய் போலிருந்தது. இரண்டு வாரம் என் கடைப் பக்கம் வரவில்லை. மூன்றாவது வாரம் ஒரு பதிலோடு வந்தாய். கதையில் வரும் காவலாளியும் தன் விளக்கைப் பார்ப்பதில்லை, கடலைத்தான் பார்ப்பான், ஆகவே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றாய். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் காத்தோங் பிள்ளையார் கோவிலுக்குப் போய்விட்டு, கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து உன் விளக்கைப் பார்த்துவிட்டுப் பிரிவது நமக்கு வழக்கமாயிற்று.

சென்ற ஆண்டு நீ ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொண்டு வந்தாய். இளைத்துவிட்டாய், நல்லதுதான் என்றேன். மறுபடி கொண்டு வந்தாய். சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன் என்றாய், நம்பினேன். அடுத்த தடவை உன் தோளில் டேப்பை ஒன்றுக்கு இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன். நாற்பது வருஷமாக ஆட்களை அளக்கிறவள் நான். எந்த இளைப்பு எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரியும். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கேக்காதீங்க அக்கா" என்றாய். நான் கேட்கவில்லை. பிடித்துத் தைத்தால் மிச்சத் துணியை வெட்டிவிடுவோம், இல்லாவிட்டால் உள்ளே குத்தும். அன்றைக்கு நான் வெட்டவில்லை. உள்ளே மடித்து, குத்தாதபடி கையால் தைத்து அடக்கினேன். நீ திரும்பவும் தேறி வந்தால் பிரித்துவிடலாம் என்று. உனக்கு அது தெரியுமா என்று தெரியவில்லை. போட்டுப் பார்த்துவிட்டு, என்ன அக்கா கனமாக இருக்கிறது என்று மட்டும் கேட்டாய்.

பிறகு உன்னால் தேக்கா வர முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நான் கடையைச் சாத்திவிட்டு, கீழே இடியப்பம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி உன் வீட்டுக்கு வருவேன். அப்போதும் நீதான் கதை சொன்னாய். கடைசியாக ஒரு கதை சொன்னாய். கலங்கரை விளக்கக் காவலாளி இறந்துவிடுகிறான். அந்த வேலையை அவன் மனைவி பார்க்கிறாள். தினமும் விளக்கேற்றுகிறாள், கண்ணாடி துடைக்கிறாள், கப்பல்கள் தூரத்தில் போகின்றன. மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாய். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டாய். அப்புறம் என்றேன். அவ்வளவுதான் என்றாய். படகு என்றேன். வரவில்லை என்றாய்.

எனக்கு வந்த கோபம் உனக்கு நினைவிருக்கும். இதை எழுதியவருக்கு ஒரு படகு அனுப்பத் துப்பில்லையா, இதைப் படித்துவிட்டு வேறு எனக்குச் சொல்ல வந்துவிட்டாயா என்று கத்தினேன். நீ சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "எல்லாத்திலயும் வராதுக்கா" என்றாய். நான் விடவில்லை.

"எப்படி வராமப் போகும்? இப்ப நான் வரலையா?"

நீ "வந்தீங்க" என்றாய். அடுத்த சனிக்கிழமைக்கு நீ இல்லை.

இனி அந்தத் துணிக்காரப் பெண் சொன்னதைச் சொல்கிறேன். நான் துணியையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, உங்களுக்குக் கலங்கரை விளக்கம் பிடிக்குமா என்று கேட்டாள். என் தோழிக்குப் பிடிக்கும் என்று ஆரம்பித்து, அந்த ஆடு வளர்ப்பவன் கதையைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. பள்ளியில் இலக்கியப் பாடமாக அதைப் படித்தாளாம். அந்தப் பொண்டாட்டி படகில் வந்து இறங்குவாளே, அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"போட் வராது ஆன்ட்டி. லாஸ்ட் வரைக்கும் அவ வரவே மாட்டா. நான் எக்ஸாமுக்கு எழுதியிருக்கேன்."

நான் சண்டைக்கே போய்விட்டேன். வரும், எனக்குத் தெரியும் என்றேன். பாவம், அந்தப் பெண் சங்கடப்பட்டாள். நான் மற்ற கதைகளுக்கும் அடையாளம் சொல்லச் சொல்ல, கைபேசியில் தேடித் தேடிப் பார்த்தாள். அண்ணன் தம்பி கதையில் தம்பி வந்து சேர்வதே இல்லையாம். பலகையைப் பிடித்து மிதந்த பெண் கரைக்கு வருமுன்பே இறந்துவிடுகிறாளாம். ஒன்றிலும் நீ சொன்ன முடிவு இல்லை. கடைசியாக, கண்ணாடி துடைக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் தேடிப் படித்துவிட்டு, அது மட்டும் நீங்கள் சொன்ன மாதிரியேதான் ஆன்ட்டி என்றாள். திரைச்சீலைக்கு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எத்தனை வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறாய். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, படித்த கதையின் முடிவைப் பிரித்து, எனக்குப் பொருந்துகிற மாதிரி தைத்துக் கொண்டு வந்திருக்கிறாய். தையற்காரி நானா நீயா? மூடிக் கிடந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், யாரும் வரவில்லை என்று முடிகிற கதையை எப்படிச் சொல்வது என்று நினைத்தாயோ? அல்லது உனக்கே அப்படி முடிவது தாங்கவில்லையா? இதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும் என்று மத்தியானத்திலிருந்து தவிக்கிறேன். கடைசிக் கதையை மட்டும் ஏன் தொடாமல் விட்டாய் என்றும் கேட்க வேண்டும். பிரித்துத் தைக்க உனக்கு அப்போது தெம்பில்லையா? இல்லை, இவள் இனிமேல் உள்ளதை உள்ளபடி தாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டாயா? அந்தப் புருஷன் இல்லாத பெண் நான்தான் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோபம் ஒன்றும் இல்லை. இருந்தது, சாயங்காலத்துக்குள் போய்விட்டது. படகு வந்தது பொய் என்று அந்தப் பெண் எவ்வளவு காட்டினாலும் எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியேறி நீ வந்தாய். மழையிலும் வந்தாய், காய்ச்சலிலும் வந்தாய். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாவிட்டால் போகட்டும். என் புருஷன் போன பிறகு நான் பிழைத்துக் கிடந்ததற்கு நீதான் காரணம். இதை உன்னிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை, சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்ததுமில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கதை சொல்லும் வியாதிதான். ஊசியில் நூல் கோக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தக் கடைசிக் கதையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நீ விட்டுவிட்டுப் போனதை நான் விடுவதாக இல்லை. கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பவள் நிமிர்ந்து பார்க்கிறாள். தூரத்தில் ஒரு படகு வருகிறது. இதுவரை எனக்கு நன்றாகவே வருகிறது. படகில் யாரை உட்கார வைப்பது என்ற இடத்தில்தான் தடுமாறுகிறேன். என் அண்ணன் மகளை வைத்துப் பார்த்தேன், பக்கத்துக் கடைக்காரம்மாவை வைத்துப் பார்த்தேன், யாரும் பொருந்தவில்லை. உன்னைத் தவிர வேறு யாரையும் ஏற்ற மனம் வரவில்லை. நீ வர மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் படகு கரை சேராமல் நடுக்கடலிலேயே நிற்கிறது. அதைத் திருப்பி அனுப்பவும் எனக்கு மனம் வரவில்லை.